நடுவதற்கு நூறு பேர்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பேருந்தில் போனவர்களுக்கு அந்தச் சாலையின் நிழல் நினைவிருக்கும். மருது, ஆல், புளி, வேம்பு என்று இருபுறமும் பழைய மரங்கள். ஆலங்குளம் தாண்டும்வரை ஜன்னலோர இருக்கைக்கு யாரும் திரைச்சீலை தேடியதில்லை. பிறகு நான்குவழிச் சாலைப் பணி வந்தது. சுமார் 45 கிலோமீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன. இப்போது பேருந்து சீக்கிரம் போய்ச் சேருகிறது. இறங்கும்போது முதுகுச் சட்டை நனைந்திருக்கிறது.

"மங்கம்மா வச்ச மரம்" என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு நிழல்மரம் வைத்தவர் என்பது தென்மாவட்டம் முழுக்க வாய்வழியாக வரும் செய்தி. வெட்டுப்பட்ட ஒவ்வொரு மரமும் அவர் காலத்தது என்று யாரும் சாதிக்கப் போவதில்லை. ஆனாலும் மரத்தோடு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைப் பணிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு வேறு: ஒரு மரம் போனால் பத்துக் கன்று. அந்தப் பத்துக் கன்றுக்கு யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் ஒப்பந்தக்காரர் பெயரைத்தான் சொல்லவேண்டும். அவருக்கு அடுத்த வருடம் வேறு ஊரில் வேலை.

ஒப்பந்தம் இல்லாமல், சம்பளம் இல்லாமல் மரம் வைப்பவர்கள் தாமிரபரணி ஆற்றோரம் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பார்த்துக்கொண்டே ஆற்றின் போக்குக்கு எதிராக, நெல்லை நகரத்திலிருந்து மலைவரை போய்வருவது என்று கிளம்பினேன். ஐப்பசி தொடக்கம். வடகிழக்குப் பருவமழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளலாம் என்ற வானம். கன்று வைக்கிறவர்களுக்கு இதுதான் தீபாவளி.

நகரத்துக்குள் தாமிரபரணியைப் பார்க்கவேண்டும் என்றால் 1843இல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்தில் நின்றால் போதும். ஒரு பக்கம் நெல்லைச் சந்திப்பு, மறுபக்கம் வண்ணாரப்பேட்டையும் கொக்கிரகுளமும் ஆட்சியர் அலுவலகமும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும் ஆறு இது. இங்கே வரும்போது பாதிக்கு மேல் கடந்திருக்கும். நகரத்துச் சாக்கடையும் இங்கேதான் வந்து விழுகிறது. கரையில் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும். நடுவில் படித்துறைகள், குளிப்பவர்கள், துவைப்பவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்ணாரப்பேட்டைக் கரையில் ஒரு மினி லாரி நின்றது. கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். எல்லாருக்கும் அந்தத் தபால்காரர்தான் 'அண்ணாச்சி'. லாரியிலிருந்து கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து அவர் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

"ஏ தம்பி, கழுத்தப் பிடிச்சித் தூக்காத. பையோட சேத்துத் தூக்குவே!"

தண்டைப் பிடித்துத் தூக்கினால் பைக்குள் இருக்கும் மண்ணின் எடை முழுக்க வேரில் இறங்கும். மண்கட்டி உடைந்து, உறிஞ்சுகிற மெல்லிய வேரெல்லாம் அறுந்துபோகும். நட்ட பத்தாம் நாள் இலை உதிரும்போது தண்ணீர் போதவில்லை என்று நினைப்போம். அண்ணாச்சி ஒரு மருதங்கன்றை எடுத்து, கறுப்புப் பையை பிளேடால் மேலிருந்து கீழாகக் கீறி உரித்துக் காட்டினார். அடியில் வேர் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. நர்சரியில் ஒரு வருடம் அதிகமாக இருந்துவிட்ட கன்று. சுருண்ட வேரை அப்படியே குழியில் வைத்தால் மரமான பிறகும் அது சுருண்டே இருக்கும், ஒரு பெருங்காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்றார். அடியில் அரை அங்குலத்துக்கு வேர்ச்சுருளை நறுக்கிவிட்டு, இரண்டடிக்கு இரண்டடிக் குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் போட்டு இறக்கினார். மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த வந்த பெண்ணைத் தடுத்து, கையால் அமுக்கச் சொன்னார். சுற்றிலும் பாத்தி, மேலே காய்ந்த சருகு மூடாக்கு, பக்கத்தில் ஒரு கம்பு, எட்டுப் போட்ட மாதிரி ஒரு தளர்வான கயிற்றுக்கட்டு. ஒரு கன்றுக்கு இருபது நிமிடம் ஆனது. படம் எடுத்துக்கொள்ள வந்த சிலருக்குப் பொறுமை போய்விட்டது.

கன்றுகளின் பட்டியல் எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீருக்கு அருகே மருதும் நீர்க்கடம்பும், கொஞ்சம் மேலே நாவலும் புன்னையும் புங்கனும், கரை முடிந்து தெரு தொடங்கும் மேட்டில் இலுப்பையும் வேம்பும். மயில்கொன்றை இல்லை, தூங்குமூஞ்சி இல்லை. மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்தும் தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்தும் வந்தவை. பூவும் நிழலும் தரும், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெள்ளம் வந்தால் கழுத்தளவு தண்ணீரில் நாள்கணக்கில் நின்று, வடிந்த பிறகு துளிர்க்கிற வேலையை மருதும் கடம்பும்தான் தெரிந்துவைத்திருக்கின்றன.

வெள்ளம் என்றதும் எல்லாரும் 2023 டிசம்பரைப் பேச ஆரம்பித்தார்கள். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். நகரத்தில் ஆறு கரையேறித் தெருவுக்குள் வந்தது.

"அந்த வெள்ளத்துல நாங்க வச்சதுல பாதி போச்சு. கூண்டோட போச்சு. மிச்சம் நிக்கதப் பாத்தா பூரா மருதும் புங்கனும்தான். ஆறே பொறுக்கி எடுத்துட்டுல்லா போயிருக்கு" என்றார் அண்ணாச்சி.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். "வைக்கதுக்கு நூறு பேரு வருவாவ. தண்ணி ஊத்த நாலு பேரு. அதுலயும் ரெண்டு பேரு நானும் எம் மருமவனும்."

பாளையங்கோட்டைப் பக்கம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் வேய்ந்தான்குளத்தையும் ஒரு நடை பார்த்தேன். மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும் சேர்ந்து தூர்வாரிய குளம். பேருந்துச் சத்தத்துக்குப் பழகிப்போன நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. நகரத்துக்குள் காடு என்று இன்று பேசுபவர்கள் பெரும்பாலும் காலி மனையில் நெருக்கி நட்ட மியாவாக்கி காட்டைத்தான் சொல்கிறார்கள். நெல்லைக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு இருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் என்று இரண்டு கால்வாய்கள் ஊருக்குள் ஓடுகின்றன, அவற்றைத் தொட்டுக் குளங்கள். இந்தக் கரைகளில் மட்டும் வரிசையாக மரம் நின்றால் நகரத்துக்கு இரண்டு நிழல்பாதை கிடைத்துவிடும். இப்போதைக்குக் கரையில் நிற்பவை குப்பைத்தொட்டிகளும் கோழிக்கழிவு மூட்டைகளும்.

மியாவாக்கி பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அகிரா மியாவாக்கி 1928இல் பிறந்து 2021இல் மறைந்த ஜப்பானியத் தாவரவியலாளர். நெருக்கமாக நடுவது அவருடைய முறையின் ஒரு பாதிதான். அதற்கு முந்தைய பாதி, ஒரு இடத்தில் மனிதக் கை படாமல் விட்டால் எந்த மரங்கள் தாமாக நிற்கும் என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவர் போனது ஜப்பானியக் கோயில்களைச் சுற்றியிருந்த பழைய தோப்புகளுக்கு. நாம் அவரிடமிருந்து அடிக்கணக்கை எடுத்துக்கொண்டோம், தோப்பைப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டோம். அதனால்தான் நெல்லையில் வைக்கும் காட்டுக்கும் சென்னையில் வைக்கும் காட்டுக்கும் ஒரே பட்டியல் போகிறது. தாமிரபரணிக் கரையில் பார்ப்பதற்குத் தோப்பு இல்லையா என்ன?

சேரன்மகாதேவிப் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் பிசான நெல்லுக்கு உழவு. பத்தமடையில் பாய்க்குக் கோரை தந்ததும் இந்த ஆற்றங்கரைதான், எனவே கரை முழுக்க மரமாக இருக்கவேண்டும் என்றும் கட்டாயமில்லை, கோரைக்கும் நாணலுக்கும் இடம் விடவேண்டும். மரம் வைப்பவர்கள் உற்சாகத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

வீரவநல்லூர் வழியாகத் திருப்புடைமருதூருக்குப் போகவேண்டும். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாறும்பூநாதர் கோயில். ஆந்திரத்து ஸ்ரீசைலம், காவிரிக்கரைத் திருவிடைமருதூர், தாமிரபரணிக்கரைத் திருப்புடைமருதூர் மூன்றும் மருத மரத்தைத் தலமரமாகக் கொண்ட கோயில்கள். கோபுரத்துக்கு உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் மரச்சிற்பத்தையும் சுவரோவியத்தையும் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். நான் வந்தது வெளியே நிற்கும் மரங்களுக்காக.

மருத மரத்தை முதல்முறை பக்கத்தில் பார்ப்பவர்கள் தொட்டுப்பார்க்காமல் போவதில்லை. பட்டை வெண்சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, அங்கங்கே தகடு தகடாக உரிந்து, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் தெரிய நிற்கும். அடிமரம் கரையை விரல் விரித்துப் பிடித்த மாதிரி வேர்விட்டிருக்கும். கீழே கிடந்த காய் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஐந்து சிறகு, தக்கை மாதிரி லேசு. தண்ணீரில் விழுந்தால் மிதந்து அடுத்த கரைக்குப் போய்விடும். மேலே கிளைகளில் கொக்கும் நாரையும் கூடுகட்டும் ஊர் இது. 2005 பிப்ரவரியில் இந்த இடத்தை அரசு பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. காட்டுயிர்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் புதிய வகையின்கீழ் இந்தியாவிலேயே முதலாவது இது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, நாலு தெரு உள்ள ஒரு ஊரின் மரங்களுக்கு அரசாணை கிடைத்திருக்கிறது.

படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த ஆச்சியிடம் இந்த மரங்களை வெட்ட யாரும் வந்ததில்லையா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"அது கோயில் மரம்லா. யாரு கை வைப்பா? பறவ எச்சம் துணியில விழும், நாத்தம் அடிக்கும். அதுக்காவ? எங்க காலத்துக்கு முன்னயே அது இங்க இருக்கு."

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சியிடம் இல்லாதது இந்த ஆச்சியிடம் இருக்கிறது. இங்கே மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற முறை வைக்கவேண்டியதில்லை, கூண்டு போடவேண்டியதில்லை. தொட்டால் கேட்க ஆள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். நகரத்துக் கன்றுக்கு அந்த ஆள் இல்லை. பக்தி குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் பண்ணவேண்டாம். பக்தியே ஆற்றுக்குச் செய்யும் கேட்டைப் பாபநாசம் படித்துறையில் பார்க்கலாம், தோஷம் கழிய ஆற்றில் விட்ட துணிகளைத் தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக வாரி எடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஒரு மரத்தைத் தங்களுடையது என்று நினைக்கிறார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன். அப்பளம் வாங்காமல் போனால் வீட்டில் ஏச்சு விழும். அங்கே ஒரு வீட்டின் பின்கட்டில், மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில், ஒரு தம்பதி நர்சரி நடத்துகிறார்கள். விற்பனைக்கு இல்லை, கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கு. நாட்டு மரக் கன்று கிடைப்பதில்லை என்பது தன்னார்வலர்கள் எல்லாரும் சொல்லும் குறை. அது ஏன் என்று அந்த அம்மாதான் புரியவைத்தார்.

இலுப்பை விதையை எடுத்துவைத்து விதைக்க முடியாது. ஆனி, ஆடியில் பழம் விழும். பெரும்பாலும் பழந்தின்னி வௌவால் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். அதை உடனே பொறுக்கிச் சில வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிடவேண்டும், காய்ந்தால் முளைப்பு போய்விடும். நாவலும் அப்படியே. வேப்பங்கொட்டைக்கும் பொறுமை கிடையாது. ஆனால் மயில்கொன்றை விதையை டப்பாவில் போட்டு இரண்டு வருடம் கழித்துக்கூட எடுக்கலாம், வெந்நீரில் நனைத்தால் முளைத்துவிடும். அரசு விழாவுக்கு ஆயிரம் கன்று ஒரே வாரத்தில் வேண்டும் என்று ஆர்டர் வந்தால் நர்சரிக்காரர் எதைக் கொடுப்பார்?

"இலுப்ப வேணும்னா ஆடியிலயே சொல்லணும். எல்லாரும் ஐப்பசியில வந்து நிக்காவ" என்றார் அந்த அம்மா. அவர் கணவர் சாயங்காலம் கோயில் தோப்புக்குப் போய்க் கொட்டை பொறுக்குவதற்காகவே ஒரு பழைய பெட்ஷீட் வைத்திருக்கிறார். மரத்தடியில் இரவு விரித்துவிட்டு வந்தால் விடியும்போது சுத்தமான கொட்டை. கூலி இல்லாமல் வௌவால் வேலை பார்க்கிறது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தவேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. அது நிறைவேறினாலும் எந்த மரத்தால் நிறைவேறுகிறது என்பது இந்தப் பின்கட்டுக் கணக்கில் இருக்கிறது. கோடிக்கணக்கில் கன்று வேண்டும் என்கிறபோது கொட்டையைப் பொறுக்க ஆள் எத்தனை என்று எந்த அறிக்கையும் கேட்பதில்லை.

மணிமுத்தாறில் ஏட்ரீ என்னும் ஆய்வு அறக்கட்டளையின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் வருடந்தோறும் தை பிறக்கும் சமயத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை மாணவர்களையும் உள்ளூர் ஆர்வலர்களையும் வைத்து நடத்திவருபவர்கள். மரம் நடுவதற்கும் பறவை எண்ணுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒரு முறை கணக்கெடுப்புக்குப் போன கல்லூரிப் பையன் அடுத்த தடவை குளக்கரையில் கன்று வைக்கும்போது இரண்டு கேள்வி கேட்பான்: இந்தக் கரையில் எது கூடுகட்டும், எந்த மரத்தில் கட்டும்? நகரத்தில் நான் பார்த்த கூட்டத்தில் பட்டியல் சரியாக இருந்ததற்குக் காரணம், அவர்களில் சிலர் இப்படிக் குளம் குளமாகப் போய் எண்ணியவர்கள் என்பதுதான்.

கடைசியாகப் பாபநாசம் தாண்டி, வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து காட்டிவிட்டு, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். நான் போன அன்று குரங்குகளும் ஒரு பூசாரியும் மட்டும். அங்கே ஒரு இலுப்பை மரம் உண்டு. வேண்டுதலுக்குக் கட்டிய மணிகள் காலப்போக்கில் மரத்துக்குள் புதைந்துபோவதால் மணி விழுங்கி மரம் என்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பட்டை உதடு மாதிரி வளர்ந்து மணியின் விளிம்பைக் கவ்வியிருக்கிறது. சில இடத்தில் நாக்கு மட்டும் வெளியே தெரிகிறது, சில இடத்தில் வெறும் வீக்கம்தான். எத்தனை தலைமுறை வேண்டுதல் உள்ளே இருக்கிறதோ.

நெல்லைச் சீமையில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா, அதாவது அய்யனார், உண்டு. பங்குனி உத்திரத்தன்று வெளியூரில் இருப்பவர்கள்கூடக் குலசாமி கும்பிட வந்துசேருவார்கள். பல சாஸ்தா கோயில்கள் ஊருக்குள் இருக்காது, குளத்தங்கரையில், தோப்புக்குள் இருக்கும். மியாவாக்கி தன் நாட்டில் தேடிப்போன தோப்புகளின் நெல்லைப் பதிப்பு இதுதான். எந்த மண்ணுக்கு எது நிற்கும் என்ற பட்டியல் அங்கே வேரோடு இருக்கிறது. செம்மண் தேரியில் ஒன்று, கரிசல் குளத்தில் ஒன்று, வறண்ட மேட்டில் குடை விரித்த உடைமரம். பிரச்சினை என்னவென்றால், சமீப காலமாகக் குலசாமிக்கு நன்கொடை குவிந்து, தோப்பை வெட்டிக் கல்யாண மண்டபமும் சிமெண்ட் தளமும் போடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டிய சாஸ்தாக்களை இந்தப் பயணத்தில் வழியெங்கும் பார்த்தேன். புதிதாக நூறு கன்று வைப்பதைவிட, கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று "அந்த மரத்த வெட்டாதீய" என்று சொல்வது கஷ்டம். பலன் அதில்தான் அதிகம் என்பது என் தீர்மானமான கருத்து.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களிடமும், அங்கே குலசாமி இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போவீர்கள். மழைக்கு முன் ஆற்றங்கரையில் யாரோ வைத்துவிட்டுப் போன கன்றுகளுக்கு அதுதான் முதல் கோடை. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். சித்திரை முழுக்க அங்கே ஆள் தேவைப்படுகிறது. இலுப்பைக் கன்று வைக்க ஆசைப்படுபவர்கள் ஆடியிலேயே சொல்லிவையுங்கள்.